வலி வர மருந்து வைக்கலாமா? இரண்டு பிரசவங்களில் தெரிந்துகொண்டவை

நிறைமாதப் பெண்ணிடம் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துதான் பேசுகிறார்கள். "மருந்து வைத்து வலி வரவைத்தால் கடைசியில் ஆபரேஷன்தான், தானாக வரட்டும் விடு" என்பது ஒரு கட்சி. "நாள் வந்துவிட்டது, இனியும் எதற்குப் பயந்துகொண்டு காத்திருப்பது, முடித்துவிடு" என்பது இன்னொன்று. என் இரண்டு குழந்தைகளுமே மருந்து வைத்து வலி வந்து பிறந்தவர்கள்தான். முதல் முறை அதைத் தள்ளிப்போடச் சொன்னேன். இரண்டாவது முறை டாக்டர் சொன்ன அன்றே சம்மதித்தேன். என் தங்கைக்கும் அதே மருந்துதான் வைத்தார்கள், அவளுக்கு நடந்தது வேறு. மருந்து நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடைக்காது என்பதுதான் என் கருத்து. எதற்காக வைக்கிறார்கள், எந்த வாரத்தில், கருப்பை வாய் எந்த நிலையில் இருக்கும்போது, எவ்வளவு நேரம் பொறுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று கேட்டால் கிடைக்கும்.

முதல் குழந்தைக்கு 39 வாரம் ஆனபோது ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர், "தண்ணி கொஞ்சம் குறைவா இருக்கு, குழந்தையும் பெருசா தெரியுது. நாளைக்கு அட்மிட் ஆயிடுங்க, வலிக்கு மருந்து வெச்சிடலாம்" என்றார். வயிறு கலங்கியது. இருந்தாலும் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்டேன்.

பனிக்குட நீரை இரண்டு விதமாக அளக்கிறார்கள். வயிற்றை நான்கு பகுதியாகப் பிரித்து, நான்கிலும் உள்ள ஆழத்தைக் கூட்டிப் பார்ப்பது ஒரு முறை. அது 5 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டால் குறைவு என்பார்கள். இருப்பதிலேயே ஆழமான ஓர் இடத்தை மட்டும் அளப்பது இன்னொரு முறை. அதில் 2 சென்டிமீட்டர்தான் எல்லை. கூட்டிப் பார்க்கும் முறையில் 'நீர் குறைவு' என்று அதிகம் பேருக்கு எழுதப்படுகிறது, அதனால் மருந்து வைப்பதும் கூடுகிறது, ஆனால் பிறக்கும் குழந்தைகளின் நலனில் அதற்கேற்ற முன்னேற்றம் இல்லை என்று இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு எந்த முறையில் அளந்தாலும் நீர் எல்லைக்கு மேலேதான் இருந்தது.

குழந்தையின் எடையும் அப்படித்தான். ஸ்கேனில் சொல்லும் எடை ஒரு மதிப்பீடு. உண்மையான எடை அதைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். மூன்றரைக் கிலோ என்று சொன்ன குழந்தை மூன்று கிலோவாகவும் பிறக்கலாம், நான்காகவும் பிறக்கலாம். குழந்தை பெரிதாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்காக மட்டும் வலி வரவைக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரிய குழந்தை என்று சந்தேகப்பட்ட பெண்களுக்கு 37, 38 வாரங்களிலேயே மருந்து வைத்தபோது, பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்வது குறைந்தது என்று 2015-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு சொல்கிறது. ஆகவே டாக்டர் சொன்னது அர்த்தமில்லாத பேச்சு இல்லை. என் விஷயத்தில் அது அவசரக் காரணமாக இல்லை, அவ்வளவுதான். சர்க்கரையும் இல்லை, ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது, அசைவு நன்றாக இருந்தது.

காத்திருக்க விரும்புகிறேன் என்றபோது அவர் கோபப்படவில்லை. "சரிம்மா, அப்போ நான் சொல்ற நாள்ல எல்லாம் வந்து சிடிஜி, அதாவது குழந்தையோட இதயத்துடிப்புப் பதிவு, எடுத்துக்கணும். அசைவு குறைஞ்சா ராத்திரி எந்நேரமானாலும் வரணும். 41 தாண்ட மட்டும் விட மாட்டேன்" என்றார். நியாயமான பேச்சு என்று பட்டது. காத்திருப்பது என்றால் சும்மா வீட்டில் இருப்பது இல்லை, கண்காணிப்போடு காத்திருப்பது என்று அவர் அன்றைக்குப் புரியவைத்தார்.

இங்கே தேதிக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதம் முழுக்க வாரங்களின் மேல்தான் நிற்கிறது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் கணக்குப் போட்டுத்தான் பிரசவ தேதி சொல்கிறார்கள். அதே தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறவர்களுக்கு அந்தக் கணக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ பிசகலாம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன்தான் நம்பத்தகுந்தது. கடைசி மாத ஸ்கேனைப் பார்த்து யாராவது தேதியை மாற்றினால் ஏன் என்று கேளுங்கள். உங்கள் கணக்கில் ஒரு வாரம் தப்பாக இருந்தால், 39 வாரம் என்று நினைத்து 38-ல் மருந்து வைத்ததாக ஆகிவிடும். 39 நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுதல். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருங்கள்.

39-ல் மறுத்த நான் 41-ல் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நாள் கடக்கக் கடக்க நஞ்சுக்கொடியின் வேலைத்திறன் குறைகிறது. வயிற்றுக்குள்ளேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்து சிறியதுதான், ஆனால் 41-க்குப் பிறகு அது ஏறுகிறது. ஸ்வீடனில் 14 மருத்துவமனைகளில் 2,760 பெண்களை வைத்து, 41 வாரத்தில் மருந்து வைப்பதையும் 42 வரை காத்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காத்திருந்தவர்களில் ஆறு குழந்தைகள் இறந்தன, மருந்து வைத்தவர்களில் ஒன்றுகூட இல்லை. ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. முடிவுகள் 2019-ல் வெளியாயின. சிசேரியன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இப்படிப்பட்ட ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு, சுமார் 544 பெண்களுக்கு மருந்து வைத்தால் ஒரு குழந்தையின் மரணத்தைத் தடுக்கலாம் என்று கணக்கிடுகிறது. 544-ல் ஒன்று சிறிய எண்தானே என்று ஒருவர் நினைக்கலாம், அந்த நினைப்பையும் நான் மதிக்கிறேன். எனக்கு அது சிறியதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 41 வாரம் நிறைந்தவர்களுக்கு வலி வரவைப்பதைப் பரிந்துரைக்கிறது. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் அதற்கு முன்பு வேண்டாம் என்கிறது.

சரி, "மருந்து வைத்தால் சிசேரியன்தான்" என்ற பேச்சுக்கு வருவோம். எனக்கும் இந்தப் பயம் நிறைய இருந்தது. இது வெறும் வதந்தியிலிருந்து வந்ததும் இல்லை. மருந்து வைத்த பெண்களையும் அதே வாரத்தில் தானாக வலி வந்த பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மருந்து வைத்தவர்களுக்குத்தான் சிசேரியன் அதிகம். பழைய ஆய்வுகள் பல இப்படித்தான் பார்த்தன. ஆனால் முடிவெடுக்கிற அந்த நாளில் நமக்கு முன்னால் 'இன்று தானாக வலி வரட்டும்' என்ற ஒரு வழியே கிடையாது. இன்று மருந்து, அல்லது காத்திருப்பு, இந்த இரண்டுதான். காத்திருந்தால் தானாக வலி வரலாம். ரத்த அழுத்தம் ஏறலாம், நீர் குறையலாம், கடைசியில் இன்னும் தாமதமாக அதே மருந்தை வைக்க வேண்டியும் வரலாம். ஆகவே மருந்தைக் காத்திருப்போடுதான் ஒப்பிட வேண்டும். யாருக்கு மருந்து, யாருக்குக் காத்திருப்பு என்று குலுக்கல் முறையில் பிரித்து அப்படி ஒப்பிட்டபோது பயந்தது நடக்கவில்லை. கனடாவில் 3,407 பெண்களிடம் நடந்து 1992-ல் வெளியான ஆய்வில், நாள் கடந்தவர்களில் மருந்து வைத்தவர்களுக்குத்தான் சிசேரியன் சற்றுக் குறைவு. அமெரிக்காவில் 41 மருத்துவமனைகளில், எந்தச் சிக்கலும் இல்லாத, முதல் குழந்தை பெறும் 6,106 பெண்களிடம் நடந்த 'அரைவ்' ஆய்வு 2018-ல் வந்தது. அதில் 39 வாரத்தில் மருந்து வைத்தவர்களில் 18.6 சதவீதத்தினருக்குச் சிசேரியன், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதத்தினருக்கு. குழந்தைகளுக்கு வந்த பெரிய சிக்கல்களில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அதற்குப் பிறகுதான் சண்டை பெரிதானது. அப்படியென்றால் எல்லாருக்கும் 39-லேயே வைத்துவிடலாமே என்று ஒரு சாரார் கேட்டார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் அதைப் பெண்களுக்கு ஒரு தெரிவாக முன்வைக்கலாம் என்றது. பிரிட்டனில் 2021-ல் தயாரான ஒரு வரைவு வழிகாட்டுதல், 35 வயதைத் தாண்டியவர்கள், உடல் எடை அதிகமானவர்கள், கறுப்பின, ஆசியப் பெண்கள் போன்றோருக்கு 39-லேயே வைப்பது பற்றி யோசிக்கலாம் என்றது. எதிர்ப்பு கிளம்பி, இறுதி வடிவத்தில் அது இடம்பெறவில்லை. அரைவ் எண்களை நான் நம்புகிறேன், ஆனால் அவை எல்லா வார்டுக்கும் பொருந்தும் உத்தரவாதம் என்று நினைக்கவில்லை. அந்த ஆய்வில் சேரத் தகுதியிருந்த பெண்களில் கால்வாசிக்குச் சற்று அதிகமானவர்கள்தான் சம்மதித்துச் சேர்ந்தார்கள். மருந்து வைத்தவர்கள் பிரசவ அறையில் இருந்த நேரம் நடுவாக 20 மணி, மற்றவர்களுக்கு 14 மணி. அவ்வளவு நேரம் ஒரு படுக்கையையும் ஒரு நர்ஸையும் தர முடியாத இடத்தில் அதே முடிவு எப்படி வரும்?

என் தங்கைக்கு அதுதான் நடந்தது. 38 வாரத்தில், கேட்டால் தெளிவாகச் சொல்ல முடியாத ஒரு காரணத்துக்காக அட்மிட் செய்தார்கள். கருப்பை வாய் இறுக்கமாக மூடியிருந்தது. வாயைக் கனியவைக்க ஜெல் வைத்தார்கள், வலி வர டிரிப் போட்டார்கள். மூன்று சென்டிமீட்டர் திறந்திருந்தபோது, குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாகவே இருக்கும்போது, ஒரு நாள்கூட ஆகாத நிலையில், "மருந்து வேலை செய்யல" என்று சொல்லிச் சிசேரியன் செய்துவிட்டார்கள். பனிக்குடத்தை உடைத்து, டிரிப்பில் ஏற்றும் ஆக்சிடோசின் மருந்தைத் தொடங்கிய பிறகு, தாயும் சேயும் நலமாக இருந்தால், குறைந்தது 12 முதல் 18 மணி நேரமாவது பார்த்துவிட்டுத்தான் தோல்வி என்று சொல்ல வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் 2014-லிருந்து சொல்கிறது. பிரசவம் வேகம் பிடிப்பதே ஆறு சென்டிமீட்டருக்குப் பிறகுதான் என்றும் அது சொல்கிறது. மூன்றில் நின்றது தோல்வி இல்லை, தொடக்கம். "எனக்குத்தான் உடம்பு ஒத்துழைக்கலையோ அக்கா" என்று அவள் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுவது அநியாயம்.

கருப்பை வாயின் நிலை என்று சொன்னேன் இல்லையா, அதற்கு ஒரு மதிப்பெண் இருக்கிறது. எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் 1964-ல் கொடுத்தது. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மூக்கு நுனி போல உறுதியாக இருக்கிறதா உதடு போல மிருதுவாக இருக்கிறதா, பின்பக்கம் பார்த்திருக்கிறதா முன்பக்கமா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்தையும் பார்த்து 13-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். எட்டுக்கு மேல் இருந்தால் தானாக வலி வந்தது போலவே போகும் வாய்ப்பு அதிகம். ஆறும் அதற்குக் கீழும் என்றால் வாய் இன்னும் கனியவில்லை. முதலில் அதைக் கனியவைக்க வேண்டும், அதற்கே ஒரு நாள் ஆகலாம். "என் பிஷப் ஸ்கோர் எவ்வளவு டாக்டர்?" என்ற ஒரு கேள்வி போதும், வரப்போகும் நேரத்தைப் பற்றி உண்மையான பேச்சு தொடங்கிவிடும்.

எனக்கு முதல் முறை மதிப்பெண் மிகக் குறைவு. வாயைக் கனியவைக்கப் பல வழிகள் உண்டு. உள்ளே வைக்கிற புரோஸ்டகிளாண்டின் ஜெல், நூலோடு வருகிற அதே மருந்துப் பட்டை, வாய்வழியாகச் சிறு அளவில் கொடுக்கும் மிசோப்ரோஸ்டால், மருந்தே இல்லாமல் நீர் நிரப்பிய ஒரு பலூன். இவற்றின் வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. பட்டையை வலி அளவுக்கு மீறினால் வெளியே இழுத்துவிடலாம், ஜெல்லை அப்படி எடுக்க முடியாது. பலூனில் கருப்பை அளவுக்கு மீறிச் சுருங்கும் ஆபத்து குறைவு. எனக்கு முதலில் ஜெல், அப்புறம் பலூன். ஒரு பகலும் ஓர் இரவும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தில் தூங்கியதும், அனுமதித்த அளவுக்குச் சாப்பிட்டதும், நடந்ததும்தான் மறுநாளுக்கான பலத்தைக் கொடுத்தது. வீட்டில் எல்லாரிடமும் "ரெண்டு நாள் ஆகலாம், யாரும் கேட்டுக்கிட்டே இருக்காதீங்க" என்று என் கணவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். இது சின்ன விஷயம் இல்லை. வாசலில் நிற்பவர்களின் "ஏன் இன்னும் ஆகல" என்ற பதற்றம் வார்டுக்குள் வரை வரும், டாக்டரையும் அசைக்கும்.

வலி தொடங்கிய பிறகு அது ஏறிய வேகத்துக்கு நான் தயாராக இல்லை. தானாக வரும் வலி மெல்ல ஏறும், உடம்பு பழகிக்கொள்ள நேரம் தரும். டிரிப்பில் அந்த அவகாசம் குறைவு. மருந்து வைத்து வரும் வலி கூடுதலாக இருக்கலாம் என்று முன்பே சொல்லி, வலி குறைக்க என்ன கிடைக்கும், முதுகில் ஊசி வழியாக மருந்து செலுத்தி வலியை மரத்துப்போகச் செய்யும் எபிடியூரல் உண்டா, இரவிலும் அதைப் போட ஆள் இருப்பார்களா என்று கேட்டுவைத்துக்கொள்ளச் சொல்வேன். எபிடியூரல் போட்டுக்கொண்டுதான் என் முதல் குழந்தை சுகப்பிரசவமாகப் பிறந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இரண்டாவது முறை எல்லாம் வேறு. 37 வாரம் முடிந்ததும் ரத்த அழுத்தம் ஏறியது, மறுபடி பார்த்தாலும் இறங்கவில்லை. டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே நான் சம்மதித்துவிட்டேன் என்று சொல்லலாம். கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்குத் தீர்வு பிரசவம்தான். நெதர்லாந்தில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், இப்படி அழுத்தம் ஏறியவர்களுக்கு வலி வரவைத்தபோது தாய்க்கு வரும் சிக்கல்கள் 44 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தன. முதல் முறை நான் கேட்ட அத்தனை கேள்விக்கும் இங்கே பதில் தெளிவாக இருந்தது. 38-ஐக்கூடத் தொடாத குழந்தை என்ற கவலை இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கத் தட்டு அதைவிடக் கனமாக இருந்தது.

ஒருமுறை திறந்த கருப்பை வாய் என்பதால் சீக்கிரம் கனிந்தது. டிரிப் ஏற்றியபோது ஒரு கட்டத்தில் வலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன, மூச்சுவிட இடமில்லை. சிஸ்டர் கைவைத்துப் பார்த்துவிட்டு உடனே டிரிப்பை நிறுத்தினார். குழந்தையின் துடிப்பு சற்றுக் குறைந்து, பிறகு சரியானது. பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் அது அதிகம். ஒவ்வொரு சுருக்கத்திலும் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும், இடைவெளியில்தான் அது மீளும். ஆக்சிடோசினின் நல்ல குணம், நிறுத்திய சில நிமிடங்களிலேயே அதன் வேகம் தணிந்துவிடும். அதனால் இடைவெளியே இல்லை என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளாமல் குரல் கொடுங்கள், குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பார்க்கும் கருவி இல்லாமல் டிரிப் ஏற்ற விடாதீர்கள்.

'கெமிக்கல்' என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வின்சென்ட் டு வின்யோ 1953-ல் ஆய்வகத்தில் உருவாக்கி, 1955-ல் நோபல் பரிசும் பெற்ற இந்த ஆக்சிடோசின், நம் உடம்பு சுரக்கிற அதே மூலக்கூறுதான். உடம்பு அதை அலை அலையாக விடுகிறது, டிரிப் ஒரே சீராக விடுகிறது. வெகுநேரம் ஏற்றினால் கருப்பை அதற்கு மரத்துப்போய், பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு கூடலாம். குழந்தை பிறந்த பிறகும் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பது அதற்காகத்தான்.

காத்திருக்க முடிவெடுத்தவர்களுக்கு: குழந்தையின் அசைவு உங்களுக்குப் பழகிய விதத்திலிருந்து மாறினால் மறுநாள் வரை பொறுக்க வேண்டாம். "நாள் நெருங்கினா அசைவு குறையும்" என்பது தவறு. ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாக வந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ உடனே கிளம்ப வேண்டும். விளக்கெண்ணெய் குடிப்பது வேண்டாம், பேதியாகி உடம்பு வறண்டுபோவதுதான் அதில் நிச்சயம். விரலால் பனிக்குடச் சவ்வைக் கருப்பை வாயிலிருந்து விலக்கிவிடுவது உண்மையில் சிலருக்கு மருந்தின் தேவையையே தவிர்க்கிறது. வலிக்கும், லேசாக ரத்தம் படும். உங்களிடம் சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகுதான் அதைச் செய்ய வேண்டும்.

தங்கை இப்போது இரண்டாவது முறை கர்ப்பமாக இருக்கிறாள். சிசேரியன் ஆன கருப்பைக்கு மிசோப்ரோஸ்டால் கூடாது, தழும்பு பிரிந்துவிடும் ஆபத்து உண்டு. தானாக வலி வரக் காத்திருப்பது, தேவைப்பட்டால் பலூனும் கவனமாக ஏற்றும் ஆக்சிடோசினும், அல்லது நாள் குறித்துச் சிசேரியன் என்று மூன்று வழிகளைப் புதிய டாக்டர் அவளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். அவர் முதலில் கேட்டது பழைய ஆபரேஷன் குறிப்பைத்தான். கருப்பையில் குறுக்காக வெட்டினார்களா நெடுக்காகவா என்பது அதில்தான் இருக்கும், வயிற்றுத் தோலில் உள்ள தழும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்து அந்தத் தாளை வாங்கிவிட்டாள். குறுக்கு வெட்டுதான்.